புதிய வீட்டில் தரையடி வெப்பமா, ரேடியேட்டரா? இங்கிலாந்தில் வீடு கட்டுவோருக்கான செலவுக் கணக்கு

இங்கிலாந்தில் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டுபவர்கள் எல்லோரும், அடித்தள வேலை முடிவதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டைச் சூடேற்றும் வெந்நீர் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் போக வேண்டுமா, சுவரில் மாட்டிய ரேடியேட்டர்களில் போக வேண்டுமா என்பதே அது. தரையடி வெப்பம் போட்டால் பில் பாதியாகும் என்று ஒருவர் சொல்வார். ரேடியேட்டரே மலிவு, மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே பழைய, குளிர் புகும் வீடுகளில் கிடைத்த அனுபவத்தை வைத்துச் சொல்லப்படுபவை. நன்றாக இன்சுலேஷன் செய்த புதிய வீட்டில் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய வீட்டின் மாதச் செலவைத் தீர்மானிப்பது குழாய் தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்பதைவிட, அந்தக் குழாயில் ஓடும் நீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதே. இதைப் பிடித்துக்கொண்டால், எங்கே பணத்தைப் போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது படிப்படியாகத் தெளிந்துவிடும். கணக்கு கையில் பிடிபடுவதற்காக, தரைத்தளம் 60 சதுர மீட்டர், மேல்தளம் 60 சதுர மீட்டர் என்று மொத்தம் 120 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வீட்டை, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்புடன், இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: அறைவாரியாக வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள்

விலை கேட்பதற்கு முன் இது வேண்டும். வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாளில் ஒவ்வோர் அறையும் சுவர், ஜன்னல், கூரை, தரை, காற்றோட்டம் ஆகியவற்றின் வழியாக எத்தனை வாட் வெப்பத்தை இழக்கிறது என்பதே அந்தக் கணக்கு. லண்டன் பகுதியில் அந்தக் கடுங்குளிரை ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி என்று வைத்துக் கணக்கிடுவார்கள். எம்.சி.எஸ். (ஹீட் பம்ப் போன்றவற்றை நிறுவுவோருக்கான தரச்சான்றுத் திட்டம்) சான்று பெற்ற ஹீட் பம்ப் நிறுவனங்கள் இந்த அறைவாரிக் கணக்கைக் கட்டாயம் செய்து தர வேண்டும். "சதுர மீட்டருக்கு இத்தனை வாட்" என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டு விலை எழுதித் தருபவரை நான் அடுத்த சந்திப்புக்கு அழைக்கமாட்டேன்.

2022 ஜூன் 15 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ள கட்டட விதிகளின் பாகம் எல், புதிய வீட்டின் தரைக்கு யு-மதிப்பு (வெப்பம் எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதன் அளவு; குறையக் குறைய நல்லது) 0.18-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல வடிவமைப்புகள் 0.13 அளவுக்கு இறங்கிவிடுகின்றன. இப்படிக் கட்டிய நம் 120 சதுர மீட்டர் வீடு, மிகக் குளிரான நாளிலும் 4 முதல் 5 கிலோவாட் அளவுக்கே வெப்பத்தை இழக்கும். 24 சதுர மீட்டர் வரவேற்பறைக்கு 700 வாட், 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு 350 வாட் என்று எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டருக்கும் தரைக்கும் இனி வரும் அளவுக் கணக்குகள் இந்த இரண்டு எண்களிலிருந்து வருகின்றன.

இரண்டாம் படி: ஃப்ளோ வெப்பநிலையை முடிவு செய்யுங்கள்

ஹீட் பம்ப்பிலிருந்து அறைகளை நோக்கிக் கிளம்பும் நீரின் வெப்பநிலையே ஃப்ளோ வெப்பநிலை. அதே பாகம் எல் விதிகள், புதிதாகப் போடும் வெந்நீர் வெப்ப அமைப்பை 55 டிகிரி அல்லது அதற்குக் குறைவான ஃப்ளோவுக்கு வடிவமைக்கச் சொல்கின்றன. 55 என்பது மேல் வரம்பு. அதையே இலக்காக வைத்துக்கொள்வதுதான் பல வீடுகளில் பணம் வீணாகும் இடம்.

ஹீட் பம்ப் ஓர் அலகு மின்சாரத்தைக் கொண்டு எத்தனை அலகு வெப்பம் தருகிறது என்பது, அது நீரை எவ்வளவு உயரத்துக்குச் சூடேற்ற வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃப்ளோவை ஒவ்வொரு டிகிரி இறக்கும்போதும் திறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் என்பது துறையில் இருப்பவர்கள் கையாளும் தோராயம். நம் கணக்குக்கு, ஆண்டு சராசரித் திறனை 55 டிகிரியில் 3.1, 45-இல் 3.7, 40-இல் 4.0, 35-இல் 4.3 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கப்போகும் இயந்திரத்தின் விவரத்தாளில் இதற்கான எண்கள் இருக்கும். அவற்றை இங்கே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குறைந்த வெப்பநிலையில் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பாருங்கள்

கடையில் ரேடியேட்டரின்மேல் எழுதியிருக்கும் வாட் அளவு, அறையைவிட நீர் சராசரியாக 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது கிடைப்பது. நீர் குளிரக் குளிர அது வேகமாகச் சரியும். போகும் நீர் 55, திரும்பும் நீர் 45, அறை 20 டிகிரி என்றால், எழுதியிருப்பதில் 51 சதவீதம்தான் கிடைக்கும். 45-இல் போய் 40-இல் திரும்பினால் 35 சதவீதம். 40-இல் போய் 35-இல் திரும்பினால் 25 சதவீதம்.

"ஹீட் பம்ப் வைத்தால் சுவர் முழுக்க ரேடியேட்டர் வேண்டும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. புதிய வீட்டில் அப்படி ஆகிறதா என்று பார்ப்போம். 350 வாட் தேவைப்படும் படுக்கையறைக்கு, 55 டிகிரியில் கடை அளவில் ஏறத்தாழ 680 வாட் ரேடியேட்டர் வேண்டும், 600 மி.மீ. உயரமும் 400 மி.மீ. அகலமும் கொண்ட இரட்டைத் தகடு போதும். 40 டிகிரியில் ஓட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,370 வாட் வேண்டும். அதே உயரத்தில் 800 மி.மீ. அகலம். ஜன்னலுக்குக் கீழே அது அடங்கிவிடும். 700 வாட் தேவைப்படும் வரவேற்பறைக்கு 40 டிகிரியில் 1,600 மி.மீ. அகலமுள்ள ஒரே ரேடியேட்டர் போதுமாக இருக்கிறது. பெரியதுதான், ஆனால் பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை.

நான்காம் படி: தரை என்ன தரும், என்ன தராது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தரையடி வெப்பம் வாங்குபவர்களில் பலர், வெறுங்காலோடு நடக்கும்போது கிடைக்கும் கதகதப்பை மனத்தில் வைத்தே வாங்குகிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பாய் விரித்து உட்காரும் நம் வீடுகளில் அந்த ஆசை இன்னும் கூடுதல். ஆகவே இந்த இடத்தை உள்ளபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கள் புழங்கும் அறைகளில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. 20 டிகிரி அறையில் 29 டிகிரித் தரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தரும். நம் வரவேற்பறைக்கு வேண்டியதோ 24 சதுர மீட்டருக்கு 700 வாட், அதாவது சதுர மீட்டருக்கு 29 வாட். அதற்குத் தரை 23 டிகிரியில் இருந்தாலே போதும். கடுங்குளிர் நாளிலேயே இவ்வளவுதான்; சாதாரணக் குளிர்கால நாளில் இன்னும் குறைவு. காலுக்குச் சில்லிடாது, ஆனால் சுடச்சுடவும் இருக்காது. வீடு எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே தரை சூடாக இருக்கும்.

இன்னொன்று, தரை மெதுவாகவே பேசும். குழாய்களை மூடிப் போடும் 65 மி.மீ. தடிமனுள்ள மணல்-சிமென்ட் அடுக்கு, அதாவது ஸ்க்ரீட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 130 கிலோ எடை வரும். தரைத்தளம் முழுவதற்கும் கிட்டத்தட்ட 8 டன். இந்த எடையை ஒரு டிகிரி ஏற்றுவதற்கே 2 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் வேண்டும். மூன்று டிகிரி ஏற்ற, 3 கிலோவாட் வெப்பத்தை அதற்கென்றே ஒதுக்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று போட்டு அணைத்துப் பழகியவர்களுக்கு இது ஒத்துவராது. நாள் முழுவதும் குறைந்த சூட்டில் ஓடவிட வேண்டும். தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிக் கதவுள்ள அறையில், மார்ச் மாத வெயில் திடீரென்று உள்ளே விழும்போது, தரை தன்னிடம் சேர்ந்த வெப்பத்தை வெளிவிடுவதை உடனே நிறுத்திக்கொள்ள முடியாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

தரைமேல் என்ன விரிப்பது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். டைல்ஸ், கல் ஆகியவை வெப்பத்தைத் தடுப்பதே இல்லை எனலாம். மரத்தரையின் மேற்பரப்பை 27 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். கார்ப்பெட்டும் அதன் அடிவிரிப்பும் சேர்ந்து 1.5 டாக் மதிப்பை (விரிப்பு வெப்பத்தைத் தடுக்கும் அளவு) தாண்டினால், அதே வெப்பத்தைத் தர நீரை இன்னும் சூடாக்க வேண்டிவரும். குறைந்த ஃப்ளோவால் கிடைத்த லாபம் அங்கே கரைந்துவிடும். படுக்கையறைகளில் தடித்த கார்ப்பெட் வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தால், மேல்தளத்தில் தரையடிக் குழாய் வேண்டாம்.

ஐந்தாம் படி: அமைக்கும் செலவை மூன்று வழிகளில் எழுதிப் பாருங்கள்

கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்கு வரும் கொட்டேஷன்களின் எண்களை அதே இடங்களில் போட்டால் உங்கள் விடை கிடைக்கும். ஹீட் பம்ப், வெந்நீர் சிலிண்டர் ஆகியவை மூன்று வழிக்கும் பொது என்பதால் சேர்க்கவில்லை.

ரேடியேட்டர் மட்டும்: தளத்துக்கு ஐந்து வீதம் பத்து. குழாய், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 300 பவுண்ட் என்றால் 3,000 பவுண்ட். இது 55 டிகிரிக்கான அளவு. 40 டிகிரியில் ஓடும்படி பெரிதாக வாங்கினால், ஒன்றுக்கு 60 பவுண்ட் கூட்டி 3,600 பவுண்ட்.

தரைத்தளத்தில் தரையடி வெப்பம், மேலே பெரிய ரேடியேட்டர்: ஸ்க்ரீட்டுக்குள் பதிக்கும் குழாய், மேனிஃபோல்ட் (நீரை ஒவ்வொரு குழாய்ச் சுற்றுக்கும் பிரித்து அனுப்பும் அமைப்பு), தெர்மோஸ்டாட், கூலி சேர்த்துச் சதுர மீட்டருக்கு 50 பவுண்ட் என்றால் கீழே 3,000, மேலே ஐந்து ரேடியேட்டருக்கு 1,800, மொத்தம் 4,800 பவுண்ட். ஸ்க்ரீட்டும் அதனடியில் போகும் இன்சுலேஷனும் எப்படியும் தரைக்கு வேண்டியவை என்பதால் அவற்றைத் தரையடி வெப்பத்தின் கணக்கில் ஏற்றக் கூடாது. சிலர் கொட்டேஷனில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள், பிரித்துக் கேளுங்கள்.

இரு தளத்திலும் தரையடி வெப்பம்: மேல்தளத்தில் பெரும்பாலும் மரச்சட்டத் தரைதான். அலுமினியத் தகடுகளைச் சட்டங்களுக்கிடையே பொருத்தி அவற்றில் குழாயை ஓட்ட வேண்டும். பொருளும் கூலியும் ஏறும். சதுர மீட்டருக்கு 80 பவுண்ட் என்றால் மேலே 4,800, கீழே 3,000, மொத்தம் 7,800 பவுண்ட்.

புதிய வீட்டுக் கட்டுமானத்துக்கு மதிப்புக் கூட்டு வரி (VAT) பூஜ்ஜிய விகிதம் என்பதால், ஒப்பந்தக்காரர் பொருளோடு வேலையும் சேர்த்துச் செய்யும்போது இந்தத் தொகைகளின்மேல் 20 சதவீதம் ஏறாது. நீங்களே கடையில் பொருள் வாங்கினால் வரியோடுதான் வாங்க வேண்டும். வீடு முடிந்த ஆறு மாதத்துக்குள் சொந்தமாகக் கட்டுவோருக்கான திட்டத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள். ஹீட் பம்ப்புக்கான 7,500 பவுண்ட் அரசு மானியம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் வீடுகளுக்கும் உண்டு; கட்டுமான நிறுவனம் விற்கும் புது வீட்டுக்கு இல்லை. குழாய் தரையிலா சுவரிலா என்பதைப் பார்த்து அந்தத் தொகை மாறுவதில்லை.

ஆறாம் படி: ஓட்டும் செலவை எழுதிப் பாருங்கள்

நம் வீட்டை ஆண்டு முழுவதும் சூடேற்ற 6,000 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும் என்றும், மின்சாரம் ஒரு யூனிட் 25 பென்ஸ் என்றும் வைத்துக்கொள்வோம். 55 டிகிரியில் ஓட்டினால் 1,935 யூனிட், 484 பவுண்ட். 45 டிகிரியில் 405 பவுண்ட். 40 டிகிரியில் 1,500 யூனிட், 375 பவுண்ட். 35 டிகிரியில் 349 பவுண்ட்.

இப்போது இதை ஐந்தாம் படியோடு சேர்த்துப் படியுங்கள். சிறிய ரேடியேட்டரிலிருந்து பெரிய ரேடியேட்டருக்குப் போகக் கூடுதலாகக் கொடுத்த 600 பவுண்ட், ஆண்டுக்கு 109 பவுண்ட் மிச்சம் பிடித்து, ஐந்தரை ஆண்டில் திரும்பிவிடுகிறது. வீடு முழுவதும் தரையடி வெப்பம் போட்டு 35 டிகிரிக்கு இறங்க அதற்கு மேலும் கொடுக்கும் 4,200 பவுண்ட், ஆண்டுக்கு 26 பவுண்ட்தான் மிச்சம் பிடிக்கிறது. அது திரும்பி வர 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விலைகளை நீங்கள் முன்னே பின்னே மாற்றினாலும் இந்த இடைவெளி மூடாது. பில் குறையும் என்பதற்காக வீடு முழுவதும் தரையடி வெப்பம் போடுவது புதிய வீட்டில் நிற்காத வாதம்.

கீழே தரையடி வெப்பம், மேலே ரேடியேட்டர் என்ற கலப்பு வழியில் ஒரு பொறி இருக்கிறது. கீழ்த்தரையை 35 டிகிரிக்கு வடிவமைத்துவிட்டு, மேலே சிறிய ரேடியேட்டர்களை 50 டிகிரிக்கு வைத்தால், ஹீட் பம்ப் 50 டிகிரியிலேயே ஓட வேண்டும். கீழே ஒரு கலப்பு வால்வு அந்த வெந்நீரோடு திரும்பும் நீரைக் கலந்து சூட்டைக் குறைத்துத் தரைக்கு அனுப்பும். தரைக்குக் குறைந்த சூட்டு நீர்தான் போகிறது, ஆனால் மின்சாரம் 50 டிகிரிக்கே செலவாகிவிட்டது. கூடவே அந்த வால்வுக்கும் தனி பம்ப்புக்கும் பணம். இரு தளத்தையும் ஒரே 40 டிகிரிக்கு வடிவமைத்தால் இவை எதுவும் வேண்டாம். கொட்டேஷனில் "கலப்பு வால்வு" என்ற வரியைக் கண்டால், மேல்தள ரேடியேட்டர்களை ஏன் பெரிதாக்கக் கூடாது என்று கேளுங்கள்.

ஆகவே நம் வீட்டுக்கு என் பரிந்துரை கலப்பு வழிதான். முழு ரேடியேட்டர் வழியைவிடக் கூடும் 1,200 பவுண்டுக்கு, சோபா, அலமாரி எங்கே வேண்டுமானாலும் போடக்கூடிய சுவர்களும், வரவேற்பறையும் சமையலறையும் ஒன்றாக இருக்கும் பெரிய இடத்தில் மூலைக்கு மூலை ஒரே அளவான கதகதப்பும் கிடைக்கின்றன. அது வசதிக்காகக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுங்கள். கை இறுக்கமாக இருந்தால், பெரிய ரேடியேட்டர்களோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

மின்கம்பிப் பாய் விரித்துச் செய்யும் தரையடி வெப்பம் வேறு வகை. அமைக்க மலிவு, ஆனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பம்தான். வீடு முழுவதும் அதை நம்பினால் அதே 6,000 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 1,500 பவுண்ட் ஆகும். குளியலறையில் மூன்று சதுர மீட்டருக்குப் போட்டு, தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 25 பென்ஸ் அளவில் முடியும். அங்கே மட்டும் அதற்கு இடம் உண்டு.

ஏழாம் படி: நாட்களையும் செலவாக எண்ணுங்கள்

மணல்-சிமென்ட் ஸ்க்ரீட் முதல் 50 மி.மீ. வரை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் காயும். அதற்கு மேல் அதில் பாதி வேகம்தான். 65 மி.மீ. என்றால் 80 நாள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டுபவர்களுக்கு இது நேரடியான பணம். ஊற்றிய ஸ்க்ரீட்டை விரைவில் காயவைக்கத் தரையடி வெப்பத்தை உடனே போடக் கூடாது. மணல்-சிமென்ட்டுக்கு 21 நாளும், திரவமாக ஊற்றும் ஜிப்சம் வகைக்கு 7 நாளும் பொறுத்து, 25 டிகிரியில் தொடங்கி மூன்று நாள் வைத்து, பிறகே முழு வெப்பநிலைக்கு ஏற்றி நான்கு நாள் வைக்க வேண்டும். ஜிப்சம் வகையை மெல்லியதாக, 50 மி.மீ. அளவில் ஊற்றலாம், ஆனால் டைல்ஸ் ஒட்டுமுன் மேலே படியும் பால் போன்ற படலத்தைத் தேய்த்து எடுத்து, அதற்குரிய பிரைமர் பூச வேண்டும். இதைச் செய்யாமல் சிமென்ட் பசையை நேராகப் போட்டால் டைல்ஸ் பெயர்ந்துவிடும்.

எட்டாம் படி: ஸ்க்ரீட் ஊற்றும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள்

ஊற்றிய பிறகு திருத்த முடியாத வேலை என்பதால் இதைத் தனிப் படியாகவே வைக்கிறேன். இன்சுலேஷன் பலகைகளுக்கிடையே இடுக்கு இருக்கக் கூடாது. சுவரோரம் முழுவதும், ஸ்க்ரீட்டைச் சுவரிலிருந்து பிரிக்கும் விளிம்புப் பட்டை நிற்க வேண்டும். 16 மி.மீ. குழாயின் இடைவெளி 200 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 5 மீட்டர் குழாய் போகும், 150 மி.மீ. என்றால் 6.7 மீட்டர். ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டாமல், தரைக்குள் எங்கும் இணைப்பு இல்லாமல், மேனிஃபோல்டிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரே துண்டாக ஓட வேண்டும். சமையலறை அலமாரிகளுக்கு அடியில் குழாய் வேண்டாம்.

பிறகு குழாய்களில் நீர் நிரப்பி 6 பார் அழுத்தம் ஏற்றுவார்கள். மேனிஃபோல்டில் உள்ள அளவியின் முள் எங்கே நிற்கிறது என்று நேரத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஊற்றுபவர்கள் தள்ளுவண்டியோடு குழாய்மேல் நடமாடும்போதும் அழுத்தம் ஏறியே இருக்க வேண்டும். எங்காவது குழாய் கிழிந்தால் முள் உடனே இறங்கி, ஈரமாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும். ஒவ்வோர் அறையையும், சுவரிலிருந்து அளவுநாடாவை விரித்துவைத்து, குழாய் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் கதவு நிறுத்தியோ குளியலறைத் தடுப்போ பொருத்தத் தரையைத் துளைக்கும்போது அந்தப் படம்தான் வழிகாட்டும்.

ஒன்பதாம் படி: கட்டுப்பாடுகளைக் குறைவாக வையுங்கள்

அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட், செயலியில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நேர அட்டவணை என்று விற்பவர்கள் ஆசைகாட்டுவார்கள். அறைகளை அடிக்கடி மூடித் திறக்கும்போது ஹீட் பம்ப்புக்கு ஓடுவதற்கான நீர் குறைந்து, அது நின்று நின்று ஓடும், திறன் விழும். அதைச் சரிக்கட்ட, கூடுதல் நீரைத் தேக்கிவைக்கும் பஃபர் தொட்டி ஒன்றைச் சேர்ப்பார்கள், அதற்கும் செலவு. விதிப்படி வேண்டிய அறைக் கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டு, அவற்றைச் சற்று மேலே அமைத்துத் திறந்தே விட்டு, வெளிக் குளிருக்கேற்ப ஃப்ளோவைத் தானாக மாற்றும் வசதியை ஹீட் பம்ப்பில் இயக்கிவிடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் அந்த அமைப்பை நீங்களே ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். நிறுவியவர் பாதுகாப்புக்காகச் சற்று உயரமாகவே வைத்துவிட்டுப் போயிருப்பார். வீடு நன்றாகச் சூடாக இருக்கும் வாரத்தில் ஃப்ளோவை ஒரு டிகிரி இறக்கி, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். தரை மெதுவாகவே பதில் சொல்லும் என்பதால் ஒரே நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். மிகக் குளிரான அறையில் 20 டிகிரி நிற்கும் வரை இறக்கிக்கொண்டே போகலாம். ஏதாவது ஓர் அறை மட்டும் பின்தங்கினால், வீடு முழுவதற்கும் சூட்டை ஏற்றாமல், அந்த அறையின் வால்வையோ மேனிஃபோல்டில் அதன் சுற்றையோ திறந்து கூடுதல் நீர் விடச் சொல்லுங்கள்.